தூய்மை செய்யும் கை

தூய்மை உயர்ந்தது என்பதை மறுப்பார் இலர். உடலையும் உடையையும் இல்லத்தையும் தூய்மையாக வைத்திருத்தல் நம் முன்னோர் போற்றிய ஒழுக்கம். ஆயினும், தூய்மையைப் போற்றும் நாம் தூய்மை செய்யும் முறையைப் பற்றி மிகுதியாக எண்ணிப் பார்ப்பதில்லை. அழுக்கு அகன்றால் போதும் என்று அமைகிறோம். அதனை அகற்றிய கை எவ்வாறு இயங்கியது என்று கேட்பதில்லை. அழுக்கை நீக்கப் புகுந்த கையே அழுக்கினும் பெரிய தீங்கைச் செய்துவிடுமானால், அச்செயலை நற்செயல் என்பதா, தீச்செயல் என்பதா? செய்தவனின் நோக்கம் நல்லது, விளைவோ தீயது. நோக்கத்தைக் கொண்டு அவனைப் போற்றுவதா, விளைவைக் கொண்டு அவனைக் குறை கூறுவதா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

இத்தகைய வினாக்களுக்கு வரலாற்றிலிருந்து பெரிய எடுத்துக்காட்டுகளைத் தேடுவது வழக்கம். பேரரசர்களின் பிழைகளும் போர்க்களத்துத் தவறுகளும் அதற்குப் பயன்படும். ஆயினும் அவை நம் கைக்கு எட்டாதவை. நாளும் நாம் செய்யும் சிறு செயலில் அதே வினா ஒளிந்திருக்குமானால், அங்கே அதனைக் காண்பதே எளிது. ஆதலின் கருநிறக் கார் ஒன்றைக் கழுவித் துடைக்கும் செயலை இங்கு எடுத்துக்கொள்வோம். தமிழில் 'கார்' என்பது கருமையைக் குறிக்கும் பழஞ்சொல். ஆங்கிலத்திலிருந்து நம் வழக்கிற்கு வந்த 'கார்' வேறு. கறுப்பு வண்டியின் முன் நிற்கும்போது மட்டும் இரண்டு சொற்களும் ஒன்றாகிவிடுகின்றன.

பள்ளத்தாக்கின் புழுதி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழர்க்குக் காரைத் துடைப்பது புதிய வேலையன்று. தோட்டத் துரையின் காரை நாள்தோறும் கழுவித் துடைத்துப் பளபளப்பாக நிறுத்திய டிரைவர்களை முதியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். அன்று அவர்கள் துடைத்தது பிறர் கார். 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும் 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தபின், நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்தக் கார் என்பது எட்டக்கூடிய பொருளாயிற்று. தோட்டத்தை விட்டு நகரத்திற்கு வந்த பெற்றோர் மாதத் தவணை கட்டி வாங்கிய கார், வெறும் வாகனமாக மட்டும் அமையவில்லை. அது ஒரு குடும்பத்தின் உழைப்பிற்குச் சான்றாக வாசலில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமான் வீடுகளின் முன் வாளியும் ரப்பர் குழாயுமாகத் தந்தையும் பிள்ளைகளும் அதனைக் கழுவிய காட்சி நாமனைவரும் அறிந்தது.

இங்கே காரை அழுக்காக்கும் பொருள்களுக்குக் குறைவில்லை. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சில் சூளைகள் மறைந்து நெடுங்காலமாயிற்று; ஆயினும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் நிலத்தைத் தோண்டிய புழுதி அப்பகுதியைப் பல்லாண்டுகள் சூழ்ந்திருந்தது. கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் லோரிகள் சாலைப் புழுதியையும் டீசல் கரியையும் இறைத்துச் செல்கின்றன. 1997, 2005, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அண்டை நாட்டுக் காட்டுத் தீயினால் மூண்ட புகைமூட்டம் ஊரையே மூடியது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் கோலசிலாங்கூரிலும் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. அந்நாள்களில் மாலையில் கழுவிய காரின்மீது காலையில் சாம்பற்படலம் படிந்திருக்கும். இவற்றோடு மரத்தடி நிழலில் நிறுத்தினால் காகமும் மைனாவும் தம் பங்கைச் செலுத்தாமல் விடுவதில்லை.

கீறல் பிறக்கும் விதம்

இவ்வளவு புழுதி படிந்த போதிலும், புழுதி தானாகக் காரைக் கீறுவதில்லை. அது மேலே சும்மா கிடக்கிறது. அதனை ஒரு கை அழுத்தித் தேய்க்கும்போதுதான் கீறல் பிறக்கிறது. இவ்வுண்மையை முதலில் உள்ளத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இன்றைய காரின் வண்ணம் ஒரே பூச்சினால் ஆனதன்று. உலோகத் தகட்டின்மேல் துருக்காப்புப் பூச்சும், அதன்மேல் அடிப்பூச்சும், அதன்மேல் வண்ணப் பூச்சும், எல்லாவற்றிற்கும் மேலாக நிறமற்ற ஒரு தெளிபூச்சும் அமைந்துள்ளன. நாம் காணும் பளபளப்பு அந்தத் தெளிபூச்சினுடையது. அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் வரையே இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. நம் தலைமயிர் பலவும் அதைவிடத் தடிப்பானவை. இம்மெல்லிய படலமோ ஒருவகைப் பிசினால் ஆனது. புழுதியில் கலந்துள்ள மணல் துகளோ படிகக்கல். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் படிகக்கல்லின் எண் 7. சாதாரணக் கத்தியின் எஃகைவிட அது கடினமானது.

காலையில் வேலைக்குப் புறப்படும் ஒருவர் கோழி இறகுத் துடைப்பத்தை எடுத்து உலர்ந்த காரின்மீது இங்குமங்கும் வீசித் தட்டுகிறார். புழுதி பறக்கிறது; கார் தூய்மையானதுபோல் தோன்றுகிறது. ஆனால் இறகு மென்மையானதாயினும், அது இழுத்துச் சென்ற மணல் மென்மையானதன்று. வேறொருவர் பழைய பனியன் துணியை நனைத்துப் புழுதியின்மேல் வைத்து அழுத்தித் தேய்க்கிறார். அத்துணியில் சிக்கிய ஒவ்வொரு மணலும் ஓர் எழுத்தாணியாகிக் கார் முழுவதும் எழுதிச் செல்கிறது. அந்த எழுத்தை அப்போது எவரும் படிப்பதில்லை. நண்பகல் வெயிலிலோ, இரவில் எண்ணெய் நிலையத்து விளக்கின் கீழோ நிறுத்தும்போதுதான் அது வெளிப்படுகிறது. விளக்கொளியைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டம் வட்டமாக நுண்கோடுகள் மின்னுகின்றன.

வட்டமாகத் தேய்த்ததனால் வட்டக்கோடுகள் விழுந்தன என்று பலர் கருதுவர். உண்மை அதுவன்று. கீறல்கள் எல்லாத் திசையிலும் விழுந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒளிவரும் திசைக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் அவ்வொளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் விளக்கைச் சுற்றி வட்டம் அமைந்ததுபோல் தோன்றுகிறது. காண்பவன் இடம் மாறினால் வட்டமும் அவனோடு நகர்கிறது. நாம் காணும் கீறல்கள் உள்ளவற்றில் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

கழுவும் முறை

கீறாமல் கழுவுவதற்கு வழி உண்டு. அது அரிய வித்தையன்று. ஒழுங்கும் பொறுமையுமே அதன் சாரம்.

வெயிலில் நின்று சூடேறிய காரைக் கழுவலாகாது. கருநிறம் வெப்பத்தை மிகுதியாக ஈர்ப்பதால், நம் நாட்டு நண்பகலில் கறுப்புக் காரின் மேற்பகுதியில் கைவைக்க முடியாது. அப்போது நீரூற்றினால் துடைக்கும் முன்பே காய்ந்துவிடும். ஆதலின் காலையோ மாலையோ நிழலில் நிறுத்தி, கார் குளிர்ந்தபின் தொடங்க வேண்டும். முதலில் கை படாமல் நீரை மட்டும் மேலிருந்து கீழாகச் செலுத்தி, தானாகப் போகக்கூடிய மண்ணைப் போகவிட வேண்டும். பறவை எச்சம் காய்ந்திருப்பின் அதனைச் சுரண்டலாகாது. நனைந்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் இட்டு, ஊறியபின் மெல்ல எடுக்க வேண்டும். நீண்ட நாள் விட்டுவைத்தாலோ அது பூச்சையே அரித்துவிடும்.

அதன்பின் இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் காருக்கென்று அமைந்த ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் காரின்மேல் உள்ள மெழுகையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஷாம்புவின் வேலை அழுக்கைக் கரைப்பது மட்டுமன்று. துணிக்கும் பூச்சுக்கும் இடையே வழுக்கும் தன்மையை உண்டாக்கி மணல் அழுந்தாமல் காப்பதும் அதுவே. கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். ஏனெனில் சக்கரத்தருகே உள்ள கீழ்ப்பகுதியில்தான் மண் மிகுதி. ஒரு பகுதியைத் துடைத்ததும் துணியை வெறும் நீர் வாளியில் அலசி, மணலை அடியில் தங்கவிட்டு, அதன்பின்னரே மீண்டும் ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். சக்கரத்திற்குத் தனித்துணி. தரையில் விழுந்த துணியை எவ்வளவு நல்லதாயினும் துவைக்காமல் மீண்டும் எடுக்கலாகாது.

இம்முறை முழுவதும் ஒரே கருத்தில் அடங்கும். முந்தைய இடத்தில் எடுத்த அழுக்கை அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்லாதே என்பதே அக்கருத்து. கையின் வலிமை இங்குப் பயன்படாது. கையின் உணர்ச்சியே பயன்படும். கைதேர்ந்தவர்கள் கழுவி முடித்தபின் ஈரமான பரப்பில் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பை அறிவர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்சில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. விரல்கள் கண்களைவிட நுட்பமாக அறியும் பொருள்கள் உலகில் பல என்பதை அத்தெருக்களில் நடப்போர் நாளும் காண்கின்றனர்.

கறை படியும் விதம்

கழுவியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது அடுத்த தவறு. குழாய் நீர் நம் கண்ணுக்குத் தெளிவாக இருப்பினும், அதில் சுண்ணம் முதலிய உப்புகள் சிறிதளவேனும் கரைந்துள்ளன. நீர்த்துளி காய்கையில் நீர் மட்டுமே ஆவியாகிறது; உப்பு காரிலேயே தங்கிவிடுகிறது. அதுவும் துளி முழுவதும் சீராகப் பரவாமல் ஓரத்தில் வளையமாகப் படிகிறது. சிந்திய காப்பி காய்ந்தால் நடுவில் வெளிறியும் ஓரத்தில் கருத்தும் இருப்பதைக் கண்டிருப்போம். துளியின் ஓரம் விரைந்து காய்வதால் நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடித் தான் சுமந்ததை அங்கே இறக்கிவிடுகிறது என்று சிக்காகோ பல்கலைக்கழக அறிவியலார் 1997ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் தந்தனர். கறுப்புக் காரில் விழும் வெண்வளையங்களும் அவ்வகையினவே.

ஆகவே, கடைசியில் குழாயின் முனையை அழுத்தாமல் நீரை மெல்லப் படலமாக ஓடவிட வேண்டும். ஓடும் நீர் துளிகளையும் தன்னோடு இழுத்துச் செல்லும். எஞ்சியதை அகன்ற மைக்ரோஃபைபர் துணியால், தேய்க்காமல், விரித்து வைத்து ஒற்றியோ மெல்ல இழுத்தோ எடுக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தின் இடுக்கிலும் கதவின் விளிம்பிலும் நீர் ஒளிந்திருந்து, நாம் போனபின் வழிந்து கோடிடும். அவ்விடங்களையும் நினைவாக ஒற்ற வேண்டும்.

எனவே, காருக்கு வரும் குறை இரண்டு. கீறல், மிகையான செயலால் வருவது. கறை, செயலைப் பாதியில் விடுவதால் வருவது. ஒருவன் ஆத்திரத்தோடு தேய்க்கிறான். மற்றொருவன் அலுப்போடு விட்டுச் செல்கிறான். இவ்விருவருக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழியே நல்ல கையின் வழி.

வெள்ளைக் கார் மறைப்பது

இனி நம் வினாவுக்கு வருவோம். கறுப்புக் காரை வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு: “இந்த நிறம் எளிதில் கீறல் விழும் நிறம், வெள்ளைக் காராக இருந்தால் இத்தொல்லை இல்லை.” இக்கூற்றில் ஒரு பெரும்பிழை பொதிந்துள்ளது. ஒரே வகைப் பூச்சாயின், ஒரே கை, ஒரே துணியால், ஒரே புழுதியைத் தேய்த்தால் வெள்ளைக் காரிலும் கறுப்புக் காரிலும் விழும் கீறல் ஒன்றே. கீறல் ஒளியைச் சிதறச் செய்து வெண்கோடாகத் தோன்றுகிறது. வெண்மையின்மேல் வெண்கோடு தெரிவதில்லை, கருமையின்மேல் தெரிகிறது. அவ்வளவே வேறுபாடு. கறுப்புக் கார் மிகுதியாகக் காயப்படுவதில்லை. தான் பட்ட காயத்தை மறைக்க அதனால் இயலவில்லை.

காணப்படாத கீறல் கீறலாகாதா? வெள்ளைக் காரைத் தேய்த்தவன், “நான் எதனையும் கெடுக்கவில்லை” என்று கூறும்போது அவன் பொய் சொல்லவில்லை. தன் கண் கண்டதைச் சொல்கிறான். ஆயினும் உண்மை அவன் கண்ணளவில் நின்றுவிடுவதில்லை. தீங்கு என்பது தீங்குற்ற பொருளில் இருக்கிறது. பார்ப்பவன் கண்ணில் இல்லை. ஆதலின் தன் கையின் இயல்பை அறிய விரும்புவோன் வெள்ளைக் காரிடம் கேட்டுப் பயனில்லை. கறுப்புக் காரிடமே கேட்க வேண்டும். அது அவன்மேல் பழி சுமத்தவில்லை. அவன் எல்லாக் கார்களுக்கும் செய்துவந்ததை அவனுக்குக் காட்டுகிறது.

நல்லெண்ணம் போதுமா?

ஜெர்மானிய மெய்யறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட அறநூலில், எந்த நிபந்தனையுமின்றி நல்லது என்று கூறத்தக்கது நல்ல சித்தம் ஒன்றே என்ற கருத்தை நிறுவினார். விளைவு கைகூடாமற் போயினும் அச்சித்தத்தின் மதிப்புக் குறையாது என்பது அவர் முடிவு. இதனை மேலோட்டமாகப் படிப்போர், நோக்கம் நல்லதாயின் கீறல் விழுந்தாலும் குற்றமில்லை என்று அமைதி கொள்ளக்கூடும். ஆனால் காண்ட் அங்கேயே ஓர் எல்லையும் இட்டார். நல்ல சித்தம் என்பது வெறும் விருப்பமன்று. நம் ஆற்றலுக்குட்பட்ட வழிகள் அனைத்தையும் திரட்டி முயல்வதே நல்ல சித்தம் என்று அவர் தெளிவுபடுத்தினார். அவ்வெல்லையை வைத்துப் பார்த்தால், கற்றுக்கொள்ள வாய்ப்பிருந்தும் கற்காமல் தேய்க்கும் கையிடம் இருப்பது விருப்பமேயன்றிச் சித்தமன்று.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதனை வேறொரு வகையில் விளக்கினார். கட்டடம் கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக் கலைஞனாகிறான். அறச்செயல் செய்து செய்தே அறவோனாகிறான் என்பது அவர் கொள்கை. அத்துடன் அவர் நிற்கவில்லை. நன்றாகக் கட்டுவோன் நல்ல கலைஞனாவதுபோல், தவறாகக் கட்டிக்கொண்டே இருப்போன் தீய கலைஞனாகிறான் என்றும் உடன் கூறினார். முப்பது ஆண்டுப் பழக்கம் உடையவர் என்பதால் மட்டும் ஒருவரைக் கைதேர்ந்தவர் என்று கொள்ள இயலாது. முப்பது ஆண்டுகள் அவர் கீறியே பழகியிருக்கவும் கூடும். நம் வள்ளுவரும் செயலின் சிறப்பைப் பொதுவாகப் போற்றியதோடு அமையாமல், 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரத்தையே தனியாக வகுத்தார். அறம் என்பது செய்வதில் மட்டுமன்றிச் செய்யும் வகையை ஆராய்ந்து தெரிவதிலும் இருக்கிறது என்பதற்கு அத்தலைப்பே சான்றாக நிற்கிறது.

இவற்றைத் தொகுத்துப் பார்க்கையில் ஒரு முடிவு கிடைக்கிறது. அறியாமல் முதல்முறை கீறியவனை அவன் நோக்கம் மன்னிக்கும். ஆயினும் அந்த மன்னிப்பு காரில் விழுந்த கோட்டை அழிக்காது. கீறலைக் கண்டபின்னும் அதே துணியால் அதே வகையில் தேய்ப்பவனை எந்த நோக்கமும் மன்னிக்காது; ஏனெனில் அப்போது அவன் காப்பது காரை அன்று, தன் பழக்கத்தை.

கீறலை நீக்குதல்

விழுந்த கீறலை நீக்க வழியில்லையா என்று கேட்கலாம். இரண்டு வழிகள் உள்ளன. மெழுகு பூசினால் அது கீறலின் பள்ளத்தில் நிறைந்து சில காலம் மறைக்கும். மழையிலும் கழுவலிலும் மெழுகு கரைந்ததும் கீறல் மீண்டும் தெரியும். நுண்பொடி கலந்த பசையால் தேய்த்து மெருகிட்டால் கீறல் மெய்யாகவே மறையும். ஆனால் அது எவ்வாறு மறைகிறது என்று அறிய வேண்டும். கீறலின் பள்ளம் நிரப்பப்படவில்லை. சுற்றியுள்ள நல்ல பரப்பு முழுவதும் அப்பள்ளத்தின் ஆழம்வரை தேய்க்கப்படுகிறது. ஒவ்வொரு மெருகிடலிலும் தெளிபூச்சு சிறிது மெலிகிறது. இதனைச் சில முறையே செய்யலாம். அதன்பின் பூச்சே இராது. தெளிபூச்சு இல்லாத பழைய கார்களில் இது கண்கூடாகத் தெரிந்தது. கறுப்புக் காருக்கு மெருகிட்ட துணியில் கருமை ஒட்டிக்கொண்டு வரும்.

மனித உறவிலும் இதுவே நடைபெறுகிறது. இன்சொல் சொல்லிக் காயத்தை மூடுவது மெழுகு. காயம்பட்டவர் மெய்யாகவே மன்னிப்பது மெருகு. அதற்கு அவர் தம் நெஞ்சிலிருந்து ஒரு படலத்தை இழக்கிறார். பிறர் நம்மை மன்னிக்கிறார்கள் என்றால் அவர்கள் எதனையோ செலவிடுகிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வகுப்பறையில்

ஆசிரியப் பணியும் பெற்றோர் பணியும் தூய்மை செய்யும் பணிகளே. பிழையை நீக்குதல், தீய பழக்கத்தைப் போக்குதல், சோம்பலைத் துடைத்தல் என்றே நாம் பேசுகிறோம். பிள்ளைகளின் பிழை பெரும்பாலும் மேலே படிந்த புழுதி. எழுத்துப்பிழையோ வீட்டுப்பாடம் செய்யாமையோ எவருடைய வாழ்வையும் கீறிவிடவில்லை. அதனைத் திருத்தும் சொல்லில் கலந்த ஏளனமே கீறுகிறது. பிரம்பை யார் எடுக்கலாம், எவ்வாறு எடுக்கலாம் என்பதற்குப் பள்ளி ஒழுங்கு விதிகள் 1959ஆம் ஆண்டிலேயே எல்லை வகுத்தன. நாவிற்கு அவ்வாறு எல்லை வகுப்பது எளிதன்று. நாற்பது பேர் முன்னிலையில், “உன் அண்ணனும் இப்படித்தான்” என்று ஆசிரியர் சொல்லும் ஒரு சொல், உலர்ந்த புழுதியின்மேல் அழுத்திய துணி.

அடுத்த வாளியையும் இங்கு நினைக்க வேண்டும். ஒரு வகுப்பில் மூண்ட சினத்தை அலசாமல் அடுத்த வகுப்பிற்குக் கொண்டு செல்லும் ஆசிரியர், ஒரு காரின் மணலை மற்றொரு காரில் தேய்க்கிறார். அம்மணலுக்கும் அப்பிள்ளைக்கும் தொடர்பே இல்லை. மணி அடித்தபின் அஞ்சடியில் நடந்து செல்லும் அந்த இரண்டு நிமிடத்தில் துணியை அலச இயலும். அவ்வளவு பொழுது நம் எல்லார்க்கும் கிடைக்கிறது.

திருத்தத் தொடங்கிப் பாதியில் விடுவதும் தவறே. பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டு, சரியானதைக் கற்பிக்காமல் மணி அடித்ததும் சென்றுவிட்டால், பிள்ளையின் நெஞ்சில் சொல் காய்ந்து வளையமாகப் படிகிறது. கண்டித்த பிள்ளையை அன்று பள்ளி விடுமுன் ஒருமுறை அழைத்து அன்பாக ஒரு சொல் சொல்லி அனுப்புதல், கடைசித் துளியை ஒற்றி எடுக்கும் செயல்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, கறுப்புக் கார் நமக்குக் கற்பித்த பாடம். வகுப்பில் சில பிள்ளைகள் ஒரு சொல்லுக்கே கண் கலங்குவர். “தொட்டாற்சிணுங்கி” என்று அவர்களை ஒதுக்குகிறோம், “மற்றவர்கள் எல்லாரும் தாங்கிக்கொள்ளவில்லையா?” என்று கேட்கிறோம். மற்றவர்கள் தாங்கினார்களா, மறைத்தார்களா என்பதை நாம் அறியோம். அழுத பிள்ளைக்கும் சிரித்த பிள்ளைக்கும் நாம் சொன்ன சொல் ஒன்றே. ஒருவன் முகத்தில் தெரிந்தது. மற்றவன் முகத்தில் தெரியவில்லை. ஆதலின் எளிதில் கலங்கும் பிள்ளையை வகுப்பின் தொல்லையாகக் கருதுவது, கறுப்பு நிறத்தின்மேல் பழிபோடுவதை ஒக்கும். அப்பிள்ளை நம் கையின் இயல்பை நமக்குக் காட்டும் சான்று. அவனைப் பார்த்து நம் கையைத் திருத்திக்கொண்டால், சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் ஏனைய பிள்ளைகளும் அதனால் காக்கப்படுவர்.

இரண்டு மறுப்புகள்

ஒரு காருக்கு இவ்வளவு கவலையா என்று சிலர் கேட்பர். இது நியாயமான கேள்வி. காரைக் காக்கும் கவனம் காரோடு நின்றுவிடுமானால் அது வெறும் பற்று. கீறல் விழுந்ததென்று அண்டைவீட்டுக் குழந்தையை மிரட்டுவோன், பூச்சைக் காத்து மனிதனைக் கீறுகிறான். நீரின் கணக்கும் உண்டு. ரப்பர் குழாயை நிமிடத்திற்குப் பத்து லிட்டர் வீதம் இருபது நிமிடம் திறந்துவிட்டால் 200 லிட்டர் போய்விடும். நம் நாட்டில் ஒருவர் ஒருநாள் முழுதும் வீட்டில் பயன்படுத்தும் நீரும் ஏறத்தாழ அவ்வளவே. 1998ஆம் ஆண்டின் வறட்சியையும் 2014ஆம் ஆண்டின் நீர்ப்பங்கீட்டையும், 2020 செப்டம்பரில் ஆற்றுநீர் மாசுற்றுச் சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்பட்ட நாள்களையும் கண்ட கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளிகளோடு நீர் லோரிக்குக் காத்து நின்றதை மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய நாள்களில் கழுவாமல் விடுவதே கடமை. ஈரமற்ற புழுதியைத் தேய்ப்பதைவிடப் புழுதியோடு ஓட்டிச் செல்வது காருக்கும் நல்லது. செய்யாமையும் சில வேளைகளில் நற்செயலே.

மற்றொரு மறுப்பு, இப்பொழுது காரைத் தாமே கழுவுவோர் குறைவு என்பது. கழுவும் கடையில் விட்டு, தே தாரிக் ஒன்று குடித்து முடிப்பதற்குள் முடித்துத் தருமாறு கேட்கிறோம். அங்கே பல ஊர்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கார்களை ஒரே வாளியிலும் துணியிலும் துடைக்கிறார்கள். கீறல் விழுந்தால் அவர்களைச் சினக்கிறோம். துணியை அலசுவதற்கு வேண்டிய பொழுதை அவர்களிடமிருந்து எடுத்தவர் யார்? விரைந்து முடிக்கச் சொன்ன நாமும், குறைந்த விலை கேட்ட நாமும் அக்கீறலில் பங்குடையோம். நன்றாகச் செய்த வேலை தடம் எதனையும் விட்டுச் செல்வதில்லை. ஆதலின் அதனைச் செய்தவரும் கண்ணில் படுவதில்லை. கீறியவனைத் தேடுகிறோம், கீறாமல் துடைத்தவனுக்கு நன்றி சொல்வதில்லை. பள்ளியிலும் இதே நிலைதான். பிள்ளையின் உள்ளத்தைக் கீறாமல் திருத்திய ஆசிரியருக்கு அப்பிள்ளையின் அறிக்கை அட்டையில் இடம் ஒதுக்கப்படவில்லை.

நிறைவாகக் கூறுவதாயின், அழுக்கை நீக்கும் உரிமை அன்புடையார் எல்லார்க்கும் உண்டு; ஆனால் அவ்வுரிமையோடு கற்றுக்கொள்ளும் கடமையும் பிறக்கிறது. முதலில் நனையவிடுதல், அழுத்தாமல் தொடுதல், அடிக்கடி தன் துணியைத் தானே அலசிக்கொள்ளுதல், தொடங்கியதை ஈரம் காயுமுன் முடித்தல் ஆகிய நான்கும் காருக்கு மட்டும் உரியன அல்ல. ஆசிரியராகப் போகும் மாணவர்கள் பாடத்திட்டங்களையும் கற்பித்தல் முறைகளையும் கற்பதோடு, நாளுக்கு ஒருமுறையேனும் தம் கையை ஒளியில் பிடித்துப் பார்க்கப் பழகுவாராக. எந்தப் பிள்ளையின் முகம் அவ்வொளியாக அமைகிறதோ, அப்பிள்ளைக்கு அவர்கள் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள்.